மூணாம் சிலிண்டர்: ஆடி, ஆவணிக் குறிப்புகள்

ஜூலை 24, 2025, வியாழன்

எஞ்சின் வேலை முடிஞ்ச மாஸி பெர்குசன் 1035 டிராக்டர், மூணு சிலிண்டர் டீசல். செல்ஃப் நல்லாச் சுத்துது, எஞ்சின் பிடிக்கல. இழுத்து இழுத்துப் பிடிச்சதும் சைலன்சர் வாய் நிறைய வெள்ளைப் புகை. கண்ணெரியுது, பச்சை டீசல் வாடை. தண்ணி ஆவின்னா கண் எரியாது, ரேடியேட்டர் மட்டமும் இறங்கும். மட்டம் அப்படியே இருக்கு. அப்போ இது எரியாத டீசல்.

ஆடி வெயில்ல, காரைக்குடிப் பக்கத்துல, குளிருக்குப் பிடிக்கலன்னு சொல்ல வழியில்ல. 1035-க்கு மேனிபோல்டுல இருக்கிற தெர்மோஸ்டார்ட் (குளிர்ல உள்ளே போற காத்தைச் சூடாக்குறது) இந்த ஊருக்குத் தேவையே இல்ல. புது லைனர், புது பிஸ்டன், புது ரிங். தொட்டதும் பிடிக்கணும்.

ஜூலை 25, வெள்ளி

டீசல் பம்பை, அதாவது இன்ஜெக்டருக்கு அழுத்தத்தோட டீசல் அனுப்புறதை, யாரும் தொடக்கூடாது. சீல் கம்பி அறாம இருக்கணும்.

ஜூலை 26, சனி

முதல்ல ஏர் எடுக்கணும், அதாவது டீசல் பைப்புல புகுந்த காத்தை வெளியேத்தணும். எஞ்சின் வேலை பார்த்த வண்டியில எல்லா பைப்பையும் கழற்றி மாட்டியிருக்கு. ஒரு வாஷர் சரியா உட்காரலன்னாலும் காத்து வாங்கும்.

டேங்க் குழாயைத் திறந்து, பில்டர் மேல இருக்கிற திருகைத் தளர்த்தி, டேங்குலருந்து டீசலை இழுக்குற லிஃப்ட் பம்பின் கை நெம்பை அடிக்கணும். நெம்பு தொளதொளன்னு ஆடினா பம்பு கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்ல. கேம் மேடு அதைத் தள்ளிப் பிடிச்சிருக்கு. எஞ்சினை ஒரு சுற்று சுத்திட்டு அடிச்சா பிடிமானம் வந்துடும். நுரை இல்லாம டீசல் வந்ததும் திருகை மூடு. அடுத்து டீசல் பம்பு. முதல்ல ஹெட் பக்கத்துத் திருகு, பிறகு மேலே கவர்னர் மூடியில இருக்கிறது. கடைசியா இன்ஜெக்டர் பைப் நட் ரெண்டைத் தளர்த்தி, ஆக்சிலேட்டரை முழுக்கக் கொடுத்து, எஞ்சினை நிறுத்துற ஸ்டாப் வயர் உள்ளே தள்ளியிருக்கான்னு பார்த்துட்டு செல்ஃப் அடி. நட் வழியா டீசல் துள்ளி வந்தா இறுக்கிடலாம். ஸ்டாப் வயர் வெளியே நிக்கிறது தெரியாம அரை நாள் ஏர் எடுக்கிறவங்க உண்டு.

செல்ஃபை ஒரே மூச்சா அரை நிமிஷத்துக்கு மேல அடிக்கக்கூடாது. ஆறவிட்டு அடுத்த தடவை.

பீறிடுற டீசல்கிட்டக் கையைக் கொண்டுபோறது மகா ஆபத்து. இன்ஜெக்டர் அழுத்தம் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். பார்க்கச் சின்னப் புள்ளி மாதிரிதான் இருக்கும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகலன்னா விரலே போயிடும்.

ஜூலை 27, ஞாயிறு

சாயங்காலம் பிடிக்குது, விடிஞ்சா பிடிக்கல. ராத்திரி நின்னதுல டீசல் டேங்குக்கே திரும்பி இறங்குதுன்னு அர்த்தம். உறிஞ்சுற பக்கத்து ஓட்டை வெளியே சொட்டாது, காத்தைத்தான் இழுக்கும். அதனால துடைச்சுத் துடைச்சுப் பார்த்தாலும் ஈரம் தெரியாது.

பில்டருக்கும் பம்புக்கும் நடுவுல கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் டியூப் போட்டு ஓட்டினதும் வரிசையா குமிழி. லிஃப்ட் பம்பு கிண்ணத்துக் கார்க் பேக்கிங் காய்ஞ்சு வெடிச்சிருக்கு. புதுசு போட்டாச்சு. குமிழி நின்னுபோச்சு.

ஜூலை 28, திங்கள்

விடியக்காலை பிடிச்சது. வெள்ளைப் புகை அப்படியே.

ஜூலை 29, செவ்வாய்

சத்தம் மூணு சிலிண்டர் சத்தமா இல்ல, நொண்டுது. ஸ்லோவுல ஓடவிட்டு ஒவ்வொரு இன்ஜெக்டர் நட்டா, பனியன் வேஸ்ட் சுத்திவெச்சு, அரைச் சுற்று தளர்த்தினா தெரியும். முதலாவதைத் தளர்த்தினதும் எஞ்சின் தள்ளாடுது. ரெண்டாவதும் அப்படித்தான். மூணாவதைத் தளர்த்தினா ஒரு மாற்றமும் இல்ல. அப்போ அந்தச் சிலிண்டர் வேலையே செய்யல. அதுக்குப் போற டீசல்தான் புகையா வெளியே வருது.

“பம்பை இறக்கிக் கொடுங்கண்ணே, காலிபரேஷன் பண்ணினா சரியாப் போயிடும்”னு சொல்றாங்க. பம்பு தப்புன்னா மூணு சிலிண்டரும் சேர்ந்து சொல்லும். டைமிங் (டீசல் தூவுற நேரம்) பிந்தியிருந்தாலும் மூணுலயும் புகை வரும். ஒண்ணு மட்டும் சாகுதுன்னா அந்தச் சிலிண்டருக்குள்ளேதான் தேடணும்.

ஜூலை 30, புதன்

எஞ்சின் ஆயில் அளக்குற டிப்ஸ்டிக்ல மட்டம் கூடியிருக்கு. ஆயில் குறையலாம், கூடக்கூடாது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஒண்ணாவது இன்ஜெக்டரை மூணுலயும் மூணாவதை ஒண்ணுலயும் மாத்திப் போட்டுப் பார்த்தது. குறை இன்ஜெக்டரோட நகரல. மூணாம் ஓட்டையிலேயே நிக்குது. நாசில் (டீசலைத் தூவுற இன்ஜெக்டர் நுனி) நல்லாத்தான் இருக்கு. டெஸ்டர்ல பனி மாதிரி தூவுது, நுனியில சொட்டு நிக்கல.

அப்போ கம்ப்ரஷன், சிலிண்டருக்குள்ள காத்து அமுங்குற அழுத்தம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஸ்பேர்ஸ் கடை இல்ல. டிப்ஸ்டிக் இன்னும் ஏறுது. விரல்ல தொட்டா ஆயில் தண்ணியா இருக்கு, மோந்தா டீசல்.

ஆகஸ்ட் 4, திங்கள்

கம்ப்ரஷன் அளக்குற கேஜ் வாங்கி வந்தாச்சு. ஒண்ணும் ரெண்டும் 350 பவுண்டை ஒட்டி, மூணாவது 260. மொத்த எண்ணை விட சிலிண்டருக்குச் சிலிண்டர் இருக்கிற வித்தியாசம்தான் பேசும்.

ஒரு டீஸ்பூன் ஆயிலை மூணாம் ஓட்டையில விட்டு மறுபடி சுத்தினது. ரிங் கசிஞ்சா ஆயில் அடைச்சு எண் ஏறும். ஏறல. (ஒரு ஸ்பூனுக்கு மேல விடவே கூடாது. டீசல் எஞ்சின்ல பிஸ்டனுக்கு மேல இடம் ரொம்பக் கம்மி. ஆயில் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும்.) ரிங் இல்லன்னா வால்வு, ஹெட் பேக்கிங், இல்ல இன்ஜெக்டர் உட்கார்ற இடம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

டேப்பட், அதாவது வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவுல இடைவெளி. ஆறின எஞ்சின்ல 12 தௌ (அங்குலத்துல ஆயிரத்துல 12 பங்கு) இருக்கணும். இங்கே 6, 7-னு நெருங்கிக் கிடக்கு. ஹெட் பேக்கிங் அமுங்கினா ஹெட் கீழே இறங்கும், ராக்கரும் கூட இறங்கும், இடைவெளி குறையும். எஞ்சின் வேலை பார்த்த வண்டியில இது வழக்கம்தான். இன்னும் நெருங்கினா வால்வு மூடாம எரிஞ்சுபோகும்.

நாலு சிலிண்டர்ல பண்ற ஒண்ணு-நாலு கணக்கு மூணு சிலிண்டருக்கு எடுபடாது. பயரிங் (சிலிண்டர் எரியுற வரிசை) 1-2-3, ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் 240 டிகிரி. அதனால ஒவ்வொண்ணா வெக்கணும்: இன்லெட் வால்வு இறங்கி ஏறி மூடினபிறகு, பிஸ்டன் உச்சிக்கு வர்றவரை சுத்து. அங்கே ரெண்டு ராக்கரும் தளர்வா ஆடும். அப்பதான் பீலர் கேஜ்.

எல்லாம் 12 வெச்சாச்சு. கேஜ்ல மூணாவது 265. வால்வும் இல்ல.

ஆகஸ்ட் 6, புதன்

260, 265. அதே நினைப்பு.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்ஜெக்டரை மாட்டி, அடியில சுத்தி ஆயில் ஊத்தி, செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பார்த்தா ஒண்ணும் ரெண்டும் அமைதி. மூணாவதைச் சுத்திக் கொப்புளம்.

கழற்றி, டார்ச் அடிச்சுப் பார்த்தாலும் ஓட்டையோட அடி சுத்தமாத்தான் தெரியுது. ஸ்க்ரூடிரைவர் நுனியால சுரண்டினபிறகுதான் செம்பு மின்னுச்சு. பழைய வாஷர்! கரி பிடிச்சு ஹெட்டோட நிறத்துக்கே வந்து, சீட் மாதிரியே உட்கார்ந்திருக்கு. அதுக்கு மேலே புது வாஷர். ரெண்டு வாஷர்ல நாசில் மேலே தூக்கி நிக்குது, தூவல் பிஸ்டன் குழியில விழ வேண்டிய இடத்துல விழல, காத்தும் கசியுது. இன்ஜெக்டரை மாத்திப் போட்டப்போ குறை நகராததும் இதனாலதான். இன்ஜெக்டர் போச்சு, பழைய வாஷர் அங்கேயே இருந்துது.

எடுக்கிற விதம்: கூம்பு டேப் ஒண்ணுல நிறையக் கிரீஸ் தடவி, வாஷர் துளையில லேசா ஒரு சுற்று கடிக்கவெச்சு நேரா மேலே இழுக்கணும். தூள் கிரீஸ்ல ஒட்டிக்கும். பிறகு இன்ஜெக்டர் இல்லாமலே, ஸ்டாப் வயரை இழுத்துட்டு, செல்ஃபை ரெண்டு தடவை தட்டினா மிச்சக் கரி வெளியே பறந்துடும். முகத்தைத் தள்ளி வெச்சுக்கணும். புது வாஷர் ஒண்ணே ஒண்ணு. ரெண்டு நட்டையும் மாத்தி மாத்தி, கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும். ஒரு பக்கம் சாய்ஞ்சா நாசில் பிடிச்சுக்கும்.

ஹெட் இறக்குற எந்த வேலையிலயும் பழைய வாஷரை எண்ணி வெளியே வைக்கணும். மூணு இன்ஜெக்டர், மூணு பழைய வாஷர் கையில இருக்கணும்.

கேஜ்: 345.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தொட்டதும் பிடிச்சது. ரெண்டு நிமிஷத்துல புகை தெளிஞ்சுபோச்சு. என்ன அழகான சத்தம்.

ஆகஸ்ட் 9, சனி

ஆயில் முழுக்க இறக்கியாச்சு, பில்டரும் மாத்தியாச்சு. டீசல் கலந்த ஆயில்ல புது பேரிங்கை ஓட்டக்கூடாது. எரியாத டீசல் லைனரைக் கழுவிக் கீழே இறங்கினது ஒரு பங்கு. லிஃப்ட் பம்பு டயாப்ரம் கிழிஞ்சாலும் டீசல் நேரா சம்ப்புக்குத்தான் (அடியில ஆயில் நிக்கிற தொட்டி) போகும். அதனால புது லிஃப்ட் பம்பே போட்டாச்சு. ஏர் கிளீனர் கிண்ணத்துலயும் ஆயில் கோடு வரைக்கும்தான். கூட ஊத்தினா எஞ்சின் அதைக் குடிச்சுத் தன்னால வேகமெடுக்கும், ஸ்டாப் வயருக்கும் நிக்காது.

ரேடியேட்டருக்கு ஊரணித் தண்ணியும் கூலன்ட்டும். போர் தண்ணியோட உப்பு சீக்கிரம் படிஞ்சுடும். மழைத் தண்ணிக்குன்னு வெட்டின ஊரணி பக்கத்துல இருக்கிறப்போ போர் தண்ணியை ஊத்த மனசு வரல.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நிறுத்திவெச்சு ஸ்லோவுல ஓட்டி “ரன்னிங்-இன்” பண்றது கெடுதல். லோடு இல்லன்னா ரிங்குக்குப் பின்னால அழுத்தம் வராது. லைனர் உரசி உட்கார்றதுக்கு முன்னாடியே கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆயிடும், பிறகு ஆயுசுக்கும் ஆயில் குடிக்கும். அரை லோடு கொடுக்கணும். செம்மண் புஞ்சையில ஒன்பது கொத்துக் கலப்பை, ஆழம் கம்மியா, ஆக்சிலேட்டரை ஏத்தி இறக்கி. டிரெய்லர் நிறையக் கல் வேண்டாம்.

எஞ்சின் உள்காத்து வெளியேறுற பிரீத்தர்ல ஆவி கம்மி. நல்ல அடையாளம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

சூடா இருக்கிறப்போ ஹெட் நட் மறுபடி. நடுவுலருந்து வெளியே, ஒவ்வொண்ணாக் கால் சுற்று தளர்த்தி அளவுக்கு இறுக்கினது. ஆறினபிறகு டேப்பட் 12.

புழுதி விதைப்புக்கு முன்னாடி இன்னும் ரெண்டு சால் உழவு இருக்கு. மழை முந்திக்கக்கூடாது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்தாச்சு. டிப்ஸ்டிக் மேல் கோட்டுக்கு மேல ஒரு நெல் அளவு.

ஆகஸ்ட் 18, திங்கள்

இன்னும் ஏறியிருக்கு. வெள்ளைப் புகை இல்ல, லிஃப்ட் பம்பு புதுசு. மிச்சம் டீசல் பம்போட டிரைவ் சீல்தான். அது போனா டீசல் டைமிங் கேஸ் வழியா சம்ப்புக்கு இறங்கும். இனி பம்பை இறக்கித்தான் ஆகணும். இறக்குறதுக்கு முன்னாடி பிளேஞ்சுலயும் கேஸ்லயும் சேர்ந்தாப்புல ஒரு கோடு கீறணும், பழைய கோடு இருந்தாலும்.