கண் டிபி: மாத்திரைக்கு முன்னும் பின்னும்

"இருமலே இல்லையே, கண்ணில் எப்படி டிபி?" எல்லோரும் கேட்பது இதைத்தான். பலருக்கு நெஞ்சு எக்ஸ்ரேவில் ஒன்றும் தெரியாது. கண்ணுக்குள்ளிருந்து நீர் எடுத்து பிசிஆர் செய்தாலும் பல நேரம் கிருமி சிக்காது. அதனால் விழித்திரைக்கு அடியில் தெரியும் புண், கையில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ சோதனை அல்லது டிபிக்கான இக்ரா ரத்தப் பரிசோதனை, நெஞ்சு சிடி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து, சிபிலிஸ், சார்காய்டோசிஸ் என இதே மாதிரி கண்ணைத் தாக்கும் மற்ற நோய்களை ஒதுக்கிவிட்டுத்தான் டாக்டர் முடிவுக்கு வருவார். நூறு சதவீத உறுதியை எதிர்பார்த்துக் காத்திருந்தால் பார்வைதான் போகும்.

மாண்டூ ஊசியை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். சிவப்பு கணக்கில்லை, தடிப்புதான் கணக்கு. பால்பாயிண்ட் பேனாவை வெளியிலிருந்து மெல்ல இழுத்தால் தடிப்பின் விளிம்பில் முனை தட்டி நிற்கும். இரு பக்கமும் அப்படிக் கோடு போட்டு, கைக்குக் குறுக்காக அளப்பார்கள். 10 மி.மீ. இருந்தால் பொதுவாக பாசிட்டிவ். ஆனால் கிருமி எப்போதோ உடம்புக்குள் வந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. கண் அழற்சியை அடக்கத் தரும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தடிப்பே எழாமல் போகலாம். முடிந்தவரை அதற்கு முன்பே ஊசியைப் போட்டுவிடுவது நல்லது.

முதல் 2 மாதம் நான்கு வகை மருந்து, பிறகு மூன்று வகை. மொத்தம் 6 முதல் 9 மாதம். அரசு தரும் கூட்டு மாத்திரை எடையைப் பொறுத்தது: 50-64 கிலோவுக்கு தினம் 4 மாத்திரை. சிறுநீர் ஆரஞ்சு நிறமானால் பயம் வேண்டாம், அதில் உள்ள ரிஃபாம்பிசின் மருந்து செய்யும் வேலை.

பலர் தடுமாறுவது முதல் சில வாரங்களில். செத்த கிருமிக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பால் அழற்சி கூடி, பார்வை இன்னும் மங்கலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் உடனே கண் டாக்டரிடம் போங்கள். பெரும்பாலும் ஸ்டீராய்டு அளவை மாற்றுவார். ரிஃபாம்பிசின் ஸ்டீராய்டின் வீரியத்தைக் குறைக்கும் என்பதும் அவர் கணக்கில் இருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஸ்டீராய்டு சாப்பிடும் காலத்தில் அடிக்கடி சர்க்கரை அளவு பார்க்க வேண்டும்.

கூட்டு மாத்திரையில் உள்ள இன்னொரு மருந்தான எத்தாம்பியூட்டால் பார்வை நரம்பைத் தாக்கக்கூடியது, சிறுநீரகக் கோளாறு இருந்தால் இன்னும் அதிகமாக. ஒவ்வொரு கண்ணாக மூடி, அதே காலண்டரின் சிவப்புத் தேதிகளை வாரம் ஒருமுறை பாருங்கள். வெளிறித் தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.

டிபி மையத்தில் 6 மாதத்தில் நிறுத்தச் சொல்லி, கண் டாக்டர் 9 மாதம் வேண்டும் என்றால், அவரிடம் காரணத்தோடு கடிதம் வாங்கி மையத்தில் கொடுங்கள்.