இரண்டேகால் சென்டிமீட்டர் நாட்

ஈயக் கலவையில் வார்த்த நாலு நாட் பொம்மை விமானத்துக்கும் வால் ஒட்டி முடித்தாயிற்று. நாட் என்பது இந்திய விமானப்படை ஓட்டிய குட்டிச் சண்டை விமானம். 1/300 அளவு, அதாவது நிஜத்தில் முந்நூறில் ஒரு பங்கு, இறக்கை முனைக்கு முனை இரண்டேகால் சென்டிமீட்டர். ஐந்து ரூபாய்க் காசின் மேல் வைத்தால் இறக்கை உள்ளேயே அடங்கிவிடும், மூக்கும் வாலும்தான் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

மேஜையில் பொம்மைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டுக்காக விமானம் சேர்க்க ஆரம்பிப்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: வகைக்கு ஒன்றாக வாங்காதீர்கள், ஒரு சண்டையை வாங்குங்கள். முதல் இரண்டு வருடம் நானும் மிக்-21 ஒன்று, ஹண்டர் ஒன்று, கான்பெரா ஒன்று, மாருத் ஒன்று என்று வாங்கி கண்ணாடி அலமாரியில் அடுக்கினேன். பார்க்க அழகு, ஆனால் மேஜையில் எடுத்து வைத்தால் எதோடு எதை மோதவிடுவது? வெளிநாட்டிலிருந்து வரும் பொட்டலத்துக்குத் தபால் செலவே பொம்மை விலைக்குச் சமமாக இருக்கிறது, அதனால் ஒரே தடவையில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வாங்குவதுதான் கட்டுப்படியாகும். நான் எடுத்துக்கொண்டது போய்ரா சண்டை. 1971 நவம்பர் 22, போர் அறிவிப்புக்கு முன்பே, மேற்கு வங்க எல்லையில் தரைத்தாக்குதலுக்கு வந்த பாகிஸ்தானின் சேபர் போர் விமானங்களை நம் விமானப்படையின் 22-வது ஸ்குவாட்ரனின் நாலு நாட் விமானங்கள் கல்கத்தா டம்டமிலிருந்து கிளம்பிப் போய் மறித்தன. இரண்டு சேபர் விழுந்தது, இன்னொன்று அடிபட்டுத் திரும்பியது. மொத்தம் சில நிமிடம்தான். ஒரு சாயங்காலத்துக்குள் ஆடி முடிக்க இதைவிடப் பொருத்தமான சண்டை எனக்குத் தெரியவில்லை. சேபரையும் நாலாகவே வாங்கினேன், ஒன்று கையிருப்புக்கு.

பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும்தான் விஷயம் புரிந்தது. சேபரின் இறக்கை கிட்டத்தட்ட நாலு சென்டிமீட்டர். நாட் அதில் பாதியைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது. இவ்வளவு சின்னது வேகமாக வரும்போது எதிரில் இருப்பவன் கண்ணில் எப்படிப் படும்? படித்தபோது வெறும் தகவலாக இருந்தது, மேஜையில் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. அதனால்தான் அளவைக் கலக்காதீர்கள் என்கிறேன். 1/285-ம் 1/300-ம் கலந்தால் பெரிதாகத் தெரியாது, நாட் ஒரு மில்லிமீட்டர் கூடும், அவ்வளவுதான். 1/144 சேபரைக் கொண்டுவந்து நடுவில் வைத்தால் எல்லாம் போச்சு. 1/600 மலிவுதான், நிறைய விமானம் பறக்கிற பெரிய சண்டைக்குச் சரி, ஆனால் அதில் நாட் ஒரு சென்டிமீட்டர் சொச்சம், கை நீட்டும் தூரத்தில் எது எதுவென்று அடையாளம் தெரிவதில்லை.

உயரம் ஒரு தனிப் பிரச்சினை. ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்று சேலத்தைப் பார்த்திருப்பீர்கள், ஊர் கீழே ஏறக்குறைய 1,200 மீட்டரில் கிடக்கிறது. 1/300-ல் அதுவே நாலு மீட்டர், எங்கள் வீட்டுக் கூரையைத் தாண்டிவிடும். ஆகவே உயரத்தை அளவோடு காட்ட முடியாது, குறிக்கத்தான் முடியும். நான் சைக்கிள் போக்ஸ் கம்பியை மரக்கட்டையில் குத்தி அதன் தலையில் விமானத்தை ஒட்டுகிறேன், கம்பியில் கோத்திருக்கும் பாசிமணி ஒவ்வொன்றும் ஒரு படி உயரம். ஏறினால் ஒரு மணி கூட்டு, இறங்கினால் ஒன்று கழி.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருப்பதில் ஒரு வசதி, தெருவுக்குத் தெரு வெள்ளிப் பட்டறை. எதிர்வீட்டு அண்ணன் கொலுசு வேலை செய்கிறார். நல்ல சாமணமும் கொலுசுக்குப் போடுகிற மெல்லிய அரமும் அவர் கொடுத்ததுதான். வார்ப்பு விளிம்பில் இருக்கும் பிசிறை எடுக்க அந்த அரத்துக்கு ஈடே இல்லை. ஒருமுறை கான்பெராவின் வால் உடைந்தபோது, “கொண்டா தம்பி, ஒரு நிமிஷம்” என்று பற்றவைக்கிற பொடியை வைத்துத் தீயை ஊதினார். வெள்ளிக்கு வைக்கிற பொடி உருக 600 டிகிரிக்கு மேல் வேண்டும், இந்த ஈயக் கலவையோ 300-க்கு முன்பே உருகிவிடும். கண் மூடித் திறப்பதற்குள் பின்பாதி உருண்டையாகிவிட்டது. அவருக்கு முகம் வாடிப்போய் அன்று முழுக்க மன்னிப்புக் கேட்டார். இப்போது எல்லாம் சூப்பர் க்ளூதான். ராவும்போது ஈரத் துணி விரித்துக்கொள்ளுங்கள், அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அந்தத் தூள் ஈயம்.

வண்ணத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன். நிஜ விமானத்தின் பச்சையை அப்படியே அடித்தால் இந்த அளவில் கறுத்துத் தெரியும், கொஞ்சம் வெள்ளை கலந்தால்தான் உயிர் வரும். பளபளப்பில்லாத மேட் வார்னிஷை ஈரக்காற்றில் அடிக்கவே அடிக்காதீர்கள். ஐப்பசியில் ஏற்காட்டில் மாமா வீட்டுத் திண்ணையில் வைத்து மூன்று சேபருக்கு ஸ்ப்ரே அடித்தேன், பாதியில் மூடுபனி ஏறி வந்து மூன்றும் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துவிட்டன. திரும்பவும் முதலிலிருந்து அடிக்க வேண்டியதாயிற்று. இந்தத் தடவை சேலத்து வெயிலில், மொட்டை மாடியில், நடுப்பகலில்.

அடுத்த ஞாயிறு மாமா பையன் மலையிலிருந்து இறங்கி வருகிறான். சேபர் அவனுக்கு, நாட் எனக்கு. தரையை ஒட்டிய சண்டை என்பதால் ஒவ்வொரு கம்பியிலும் இரண்டு மணிக்கு மேல் கோக்கவில்லை.