மலையகத் தமிழரின் வாக்கு போன வழி

சென்னையில் இலங்கை பற்றிப் பேசும் மேடைகளில் மலையகத் தமிழருக்கு, அதாவது தோட்ட வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து இலங்கை போனவர்களின் வம்சாவளிக்கு, ஒரு வரிதான் கிடைக்கிறது. அது போதாது.

1947 தேர்தலில் இவர்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. தோட்டத் தொழிலாளர் வாக்கு இடதுசாரிகளுக்கும் பல தொகுதிகளில் கைகொடுத்தது. மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. அதில் எந்த இனத்தின் பெயரும் கிடையாது. சூட்சுமம் ஆவணத்தில் இருந்தது: இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது, அப்பாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தாத்தா, கொள்ளுத்தாத்தா இருவரும். லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) பிறந்த பிள்ளைக்கு யார் பிறப்பைப் பதிவு செய்து வைத்தார்கள்? குடியுரிமை போனதும் வாக்கும் போனது. இந்திய வம்சாவளியினர் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற வந்த 1949 சட்டம் மணமானவருக்கு 7, ஆகாதவருக்கு 10 ஆண்டு தொடர் வசிப்பைக் கேட்டது. இந்தியாவில் இருக்கும் ஊருக்குப் போய் நீண்டநாள் தங்கினால் அதுவே நிராகரிக்கக் காரணம்.

இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் போட்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்குபோட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். சம்பந்தப்பட்டவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை! 1984இல் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம் வரும் கப்பல் நின்றதும் இந்தியப் பாஸ்போர்ட்டோடு பலர் இலங்கையிலேயே மாட்டிக்கொண்டார்கள்.

1988, 2003 சட்டங்களால் குடியுரிமை வந்தது. காணி (நில) உரிமை இன்னும் பெரும்பாலோருக்கு வரவில்லை. பல குடும்பங்களுக்கு இன்றும் தோட்ட லயம்தான் வீடு.

தமிழ்நாட்டு அகதி முகாம்களில் மலையக வம்சாவளிக் குடும்பங்களும் இருக்கின்றன. குடியுரிமை விஷயத்தில் உதவப் போகும் நண்பர்களே, பெரியவர்கள் 1964 ஒப்பந்தப்படி விண்ணப்பித்த ரசீது, பழைய பாஸ்போர்ட், தோட்டப் பெயருள்ள பிறப்புச் சான்று இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பெயர் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஒத்துப் பார்த்து, இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.