பூரட்டாதியிலிருந்து உத்திரட்டாதிக்கு ஒரு கோடு

சொந்தமாக ஒரு நட்சத்திர வரைபடம் போடும் வேலையை இரண்டு மாதமாக இழுத்துக்கொண்டிருக்கிறேன். இந்த வாரம், நான்கு நட்சத்திரங்களால் ஆன பெகாசஸ் சதுரத்தில் மாட்டிக்கொண்டேன். அதன் மேற்குப் பக்கத்து இரண்டு நட்சத்திரங்கள்தான் நம் பூரட்டாதி, கிழக்குப் பக்கத்து இரண்டும் உத்திரட்டாதி.

சிக்கல் வடக்குப் பக்கத்தில். அதன் மேற்கு முனையில் இருக்கும் ஷீட் நட்சத்திரத்தின் வல ஏற்றம் (வானத்துக்கான தீர்க்கரேகை மாதிரி, 0 முதல் 360 பாகை வரை) 345.9 பாகை, கிழக்கு முனையில் இருக்கும் ஆல்ஃபெரட்ஸுக்கு 2.1 பாகை. பக்கத்துப் பக்கத்து வீடுதான், ஆனால் நடுவில் பூஜ்ஜியக் கோடு ஓடுகிறது. தட்டையான கோடாகச் சேமித்திருந்ததால், அது வானத்தையே ஒரு சுற்று சுற்றி 344 பாகை நீளத்துக்குப் போய் நின்றது.

சரி என்று, இதையெல்லாம் சேமித்திருக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பிஜிஸ்பியரை நிறுவினேன். வானியலுக்கென்றே எழுதிய நீட்சி (எக்ஸ்டென்ஷன்). இரண்டு எஸ்பாயிண்ட் (கோளத்தின் மேல் உள்ள புள்ளி) கொடுத்தால், கோளத்தின் மேல் அவற்றைக் குறைந்த தூரத்தில் இணைக்கும் பெருவட்ட வில்லை எஸ்லைன் என்ற கோடாகத் தருகிறது. முதல் முயற்சியில் எண்களை அப்படியே கொடுத்தேன். அது பாகைக்குப் பதில் ரேடியன் (கோணத்தை அளக்கும் இன்னொரு அலகு) என்று எடுத்துக்கொண்டு, ஒரு பிழைச் செய்திகூட இல்லாமல், நட்சத்திரங்களை எங்கெங்கோ கொண்டுபோய் வைத்தது. ஒரு மாலை முழுக்க அதில் போனது. புள்ளியை மேற்கோளுக்குள் எழுதி, எண்ணுக்குப் பின்னால் பாகைக்கான 'டி' எழுத்தைப் போட்டால் போதும். மணி, நிமிடம், நொடியாகவும் எழுதலாம். நட்சத்திரப் பட்டியலில் இருப்பதை மாற்றாமல் ஒட்டிவிடலாம்.

அப்புறம் கோட்டைத் தரவுத்தளத்திலிருந்து செலக்ட் செய்து பார்த்தால் என் இரண்டு புள்ளிகளையே காணோம்! மூன்று கோணங்களும் ஒரு நீளமும் மட்டும். எஸ்லைன் உள்ளுக்குள் இருப்பதே அப்படித்தான்: நிலநடுக்கோட்டில் பூஜ்ஜியத்திலிருந்து கிளம்பும் ஒரு வில், அதை உரிய இடத்துக்குத் திருப்ப மூன்று ஆய்லர் கோணங்கள். முனைகளைத் திரும்பக் கேட்கத் தனிச் சார்புகள் உண்டு. நீளம் 0.248 ரேடியன், அதாவது 14.2 பாகை. பூஜ்ஜியக் கோடு இருந்த சுவடே இல்லை.

தெற்குப் பக்கம் இன்னும் சுவாரசியம். சதுரத்தின் மற்ற இரண்டு நட்சத்திரங்களான மார்காப், அல்ஜெனிப் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே 15.2 பாகை விலக்கத்தில் (வானத்துக்கான அட்சரேகை மாதிரி) இருக்கின்றன. ஆனாலும் கோடு மட்டமாகப் போவதில்லை. பேப்பரில் போட்டுப் பார்த்தேன், நடுவில் 15.36 வரை ஏறி இறங்குகிறது. அந்த வித்தியாசம் நிலா அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு.

மொட்டைமாடியில் கையை நீட்டி, ஒரு முஷ்டிக்குப் பத்துப் பாகை என்று அளந்து சரிபார்க்க ஆசை. நவம்பர் இரவு எட்டு மணிக்குச் சதுரம் சென்னையில் ஏறக்குறைய உச்சியில்தான் இருக்கும். ஆனால் ஐந்து நாளாக மழை விடவில்லை.