பெரட்டுக்களத்தில் ஒரு மேசை

திருச்சியில் இறங்கியபோது எங்கள் பதினோரு பேருக்கும் ஒரே நிற டி-சட்டை. கையில் நான்கு பெட்டி டூத் பிரஷ், 80 வெள்ளெழுத்துக் கண்ணாடி. மலேசியாவில் கிள்ளானிலிருந்து எங்கள் சபை வெளிநாட்டுக்குக் கிளம்பிய முதல் ஊழியப் பயணம் இது. போகிற இடம் கேரளத்தில் வண்டிப்பெரியார் பக்கம், மூடிக் கிடக்கும் ஒரு தேயிலை எஸ்டேட். பாஸ்டர் முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "சுற்றுலா விசா. பிரசங்கம் கிடையாது, கைப்பிரதி கிடையாது. கை வேலை செய்யட்டும், வாய் சும்மா இருக்கட்டும்." எனக்கு அது நிம்மதிதான். பசித்த வீட்டில் உட்கார்ந்து சாட்சி சொல்ல எனக்கு எப்போதுமே கூச்சம்.

கம்பம் வரை திராட்சைப் பந்தல். லோயர் கேம்ப்பில் மலையிலிருந்து ராட்சதக் குழாய்கள் இறங்குகின்றன. முல்லைப் பெரியாறு தண்ணீர். 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணை இன்னும் இந்தப் பள்ளத்தாக்குக்குச் சோறு போடுகிறது. எங்கள் டிரைவர் அண்ணன் வண்டியில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் அந்த வெள்ளைக்காரர் படமும் இருந்தது. குமுளி செக்போஸ்ட் தாண்டியதும் பலகையெல்லாம் மலையாளம். டீக்கடையில் பேச்சு மட்டும் தமிழ்.

லயம், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, எனக்குப் புதிதில்லை. என் தாத்தா, 1938-இல் இந்திய அரசு மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தும் முன்பே, ஆள் சேர்க்கும் கங்காணியோடு ரஜூலா கப்பலேறிப் போனவர். பாட்டி தோட்டத்து லயத்தில் இருந்து ரப்பர் பால்மரம் சீவித்தான் பிள்ளைகளை வளர்த்தார். ஆனாலும் இங்கே உள்ளே நுழைந்ததும் தொண்டை அடைத்தது. ஒரு அறை, ஒரு அடுப்படி, தரையில் மழைநீருக்காக வைத்த மூன்று பாத்திரங்கள்.

"பசியாறிட்டீங்களாம்மா?" என்றேன், எங்கள் ஊர் வழக்கத்தில்.

அந்த வீட்டம்மா சிரித்துவிட்டார். "அது என்ன பாஷை தம்பி? கஞ்சி குடிச்சாச்சு."

முதல் நாள் முழுக்கச் சொதப்பல். பிரஷ் வாங்கிய பையன் ஒருவன் பெட்டியைத் திறந்து பார்த்து, "இது எங்க வீட்ல இருக்கே" என்றான். நான் தகரக் கூரையில் ஏறி ஓட்டை அடைக்கப் போய், துருப்பிடித்த இடத்தில் கால் வைத்து, என் கால் அளவுக்கே புதிதாக ஒன்று போட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான்காவது பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார்.

மறுநாள் பெரட்டுக்களத்தில் மேசை போட்டோம். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம்; எங்கள் தோட்டத்திலும் அது 'பெரட்டு'தான். கண்ணாடி மாட்டிப் பார்க்க வரிசை நின்றது. அதே அம்மா இரண்டரை பவரை மாட்டினார். நான் நீட்டிய அட்டையை அவர் பார்க்கவே இல்லை. இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துப் பிரித்தார். விரல் வெடிப்புகளில் கொழுந்துக்கறை கறுத்து இறங்கியிருந்தது. எஸ்டேட் மூடின பிறகு தொழிலாளிகளே செடிகளைப் பங்கு பிரித்துக்கொண்டு கொழுந்து எடுத்து விற்கிறார்கள்.

"எழுத்து பெருசாத் தெரியுது தம்பி. என்ன எழுத்துன்னுதான் தெரியல."

காகிதம் மலையாளத்தில் இருந்தது. அவர் படித்தது எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில், நாலாம் வகுப்பு வரை.

பிளஸ் டூ படிக்கும் பேத்தி வந்து வாசித்தாள். இங்கிலீஷ் தாள்களை நான் பார்த்தேன். எல்லாம் கிராஜுவிட்டி, வேலை முடியும்போது தரவேண்டிய பணிக்கொடை. 1972 சட்டப்படி ஒரு வருட வேலைக்கு 15 நாள் சம்பளம். அம்மாவுக்கு 31 வருடம். அப்படியென்றால் 465 நாள் சம்பளம். 2000-ஆம் ஆண்டு வாக்கில் தேயிலை விலை விழுந்து, பீர்மேடு பக்கம் எஸ்டேட்டுகள் வரிசையாக மூடியபோது நின்ற பணம் அது. லயத்தைக் காலி செய்தால் அதுவும் போய்விடும் என்ற பயத்தில்தான் ஒழுகும் கூரைக்குக் கீழே இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். தொழிலாளிக்கு நல்ல வீடு தரவேண்டும் என்று 1951-லேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. அதையும் அவர்களுக்கு முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் கண்ணாடி மேசை மனு மேசையாகிவிட்டது. பேத்தியும் அவள் தோழிகள் இரண்டு பேரும் மலையாளத்தில் எழுத, நாங்கள் வருடத்தைக் கூட்டிப் பெருக்கி, நகல் எடுக்க வண்டிப்பெரியாருக்கும் எஸ்டேட்டுக்கும் ஓடினோம். மூன்று நாளில் 46 மனு. எங்கள் ஆட்களில் ஒருவர் குழந்தைகளோடு செல்ஃபி எடுக்கக் கிளம்பினார். பாஸ்டர் போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு அவரிடம் மரியாதை கூடியது அந்த இடத்தில்தான்.

கிளம்பும்போது அம்மா வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டார். "உங்க பாட்டிக்குத் தோட்டத்துல காசு குடுத்தாங்களா?"

"கொஞ்சம் குடுத்தாங்கம்மா. கம்பெனி தோட்டத்த வித்து, அங்க வீடுங்க கட்டினப்போ."

அவர் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"அடுத்த தடவ வரும்போது பிரஷ் வேணாம் தம்பி. தார்ப்பாய் கொண்டாங்க. நீலக்கலரு வேணாம், அது ஒரு மழைக்குத் தாங்காது."