உருளிக்குள் ஜெந்திக்-ஜெந்திக்

பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் வரிசையில் நாலு வீடு தள்ளியிருக்கும் பையனுக்குப் போன மாதம் டிங்கி, அதாவது டெங்குக் காய்ச்சல். டாக்டர் ஒருவர் டிங்கி என்று சந்தேகப்பட்டால் 24 மணி நேரத்துக்குள் சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும், சட்டமே அப்படி, அதனால் மறுநாளே ஆட்கள் வந்துவிட்டார்கள். புகை அடிக்கத்தான் வருவார்கள் என்று நான் துணிமணியெல்லாம் எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். வந்ததோ டார்ச் லைட்டும் சின்ன பாட்டிலும் வைத்திருந்த இரண்டு பேர். புகை எப்போது என்று பக்கத்து வீட்டு அக்கா வாசலிலேயே மடக்கிக் கேட்டார். அதெல்லாம் சாயங்காலம், முதலில் வீட்டுக்குள் பார்க்க வேண்டும் என்றார் அந்த மலாய்க்காரப் பெண்.

எனக்குக் கொஞ்சம் பெருமைதான். நன்றாகப் பாருங்கள் என்று கதவைத் திறந்துவிட்டேன். குளியலறைத் தொட்டி, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, துளசித் தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு என்று ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டு, ஹாலில் இருந்த உருளியிடம் வந்து நின்றார். தீபாவளிக்கு வாங்கியது, தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்க விட்டிருந்தேன். பூவை ஒதுக்கி டார்ச் அடித்தவர், "ஹா, ஜெந்திக்-ஜெந்திக்" என்றார். மலாயில் கொசுப்புழு என்று அர்த்தம். எட்டிப் பார்த்தால் பத்துப் பதினைந்து புழுக்கள் நெளிகின்றன.

மூன்று நாளுக்கு ஒருமுறை பூவை மாற்றினேன், தண்ணீரை மாற்றவில்லை. குறைந்தால் மேலே கொஞ்சம் ஊற்றுவேன், அவ்வளவுதான். அதுதான் வினையே. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீரில் போடுவதில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டி வைக்கிறது. அது காய்ந்துபோய் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், தண்ணீர் ஏறி வந்து தொட்டால் பொரிக்கும். நான் ஊற்றிய ஒவ்வொரு சொம்புத் தண்ணீரும் அதற்குத்தான் போயிருக்கிறது. தண்ணீரைக் கொட்டினால் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொல்லிவிட்டு, அதே பொறுமையோடு 500 வெள்ளிக்கு (ரிங்கிட்) சம்மன் எழுதினார். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்க வந்த 1975ஆம் ஆண்டுச் சட்டம். கோர்ட்டுக்குப் போனால் முதல் தடவைக்கே 10,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ விதிக்கலாமாம், ஆகவே வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன். உருளியே அவ்வளவு விலையில்லை.

சாயங்காலம் புகை வந்தது. கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று சொல்லியும் தெருவில் பாதிப்பேர் நாற்றத்துக்குப் பயந்து அடைத்துக்கொண்டார்கள். (இத்தனை வருடமாக நானும் அதைத்தான் செய்தேன்.) கொசு வீட்டுக்குள், புகை வெளியில். அப்படியே உள்ளே போனாலும் பறக்கிற கொசுதான் சாகும், தண்ணீரில் இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது, வெயில் காலத்தில் ஒரு வாரத்தில் அது கொசுவாகிப் பறக்கும். ஆனாலும் புகை அடித்த பிறகு எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி. கண்ணுக்குத் தெரிகிறதல்லவா.

இதை அம்மாவிடம் சொல்லிப் புலம்பினால், அவர் கெடா பக்கத்துத் தோட்டத்துக் கதைக்குப் போய்விட்டார். பாட்டி காலத்தில் கொசுப்புழு சாக ஓடைக்கும் சாக்கடைக்கும் எண்ணெய் அடிக்கத் தோட்டத்தில் தனி ஆள் உண்டாம். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸர், மலேரியா மருந்தான கொயினாவைக் கையில் கொடுத்துவிட்டு விழுங்கும்வரை எதிரிலேயே நிற்பாராம். மலேரியாவில் நம் ஆட்கள் கொத்துக்கொத்தாகச் செத்த இடங்கள் அந்தத் தோட்டங்கள். 1901இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்துக் காட்டை வெட்டினார், காய்ச்சல் குறைந்தது. அதே வேலையை மலைப்பாங்கான தோட்டங்களில் செய்தபோது தலைகீழாகிக் காய்ச்சல் கூடிவிட்டது, ஏனென்றால் அங்கே மலேரியா பரப்பும் கொசு வெயில் படும் தெளிந்த ஓடையில்தான் பெருகும். எந்தக் கொசு என்று தெரியாமல் வேலையில் இறங்குவது வீண் என்பதை இந்த நாடு அப்போதே கற்றுக்கொண்டது. 1967இல் மலேரியா ஒழிப்புத் திட்டம் வந்தது, வீட்டுச் சுவரெல்லாம் டிடிடி பூச்சிமருந்து அடித்தார்கள். பின்னால் மலேரியா, டிங்கி, யானைக்கால் எல்லாவற்றையும் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். 2018லிருந்து பல ஆண்டுகள் தொடர்ந்து, மனிதரிலிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்நாட்டில் ஒன்றுகூட இல்லை. குரங்கிடமிருந்து வரும் நோலேசி மலேரியாதான் இன்னும் மிச்சம்.

அந்தத் திட்டத்தால் டிங்கியை மட்டும் அடக்க முடியவில்லை. 2019இல் மலேசியாவில் 1 லட்சத்து 30 ஆயிரம் பேருக்கு வந்தது, 182 பேர் இறந்தார்கள். மலாயாவில் முதன்முதலில் டிங்கி பதிவானதே 1902இல் நம் பினாங்கில்தான், ரத்தக்கசிவு வகை 1962இல் வந்ததும் இங்கேதான், இதில் நமக்குப் பெருமை வேறு. என் கணக்கு சுலபம்: ஓடைக்கு எண்ணெய் அடிக்க ஒரு ஆளை அனுப்பலாம், என் ஹாலுக்கு வாரா வாரம் யாரை அனுப்புவது? ஊல்பாக்கியா பாக்டீரியா ஏற்றிய கொசுக்களைச் சில வட்டாரங்களில் விடுகிறார்கள், அந்தக் கொசுவால் டிங்கியைச் சரியாகப் பரப்ப முடியாது, நல்ல யோசனைதான். எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் மட்டும் "கொசுவைக் கொல்லச் சொன்னால் வளர்த்து விடுறானுங்க" என்று மாமா மூன்று நாள் சண்டை போட்டார்.

பையன் தேறி வந்துவிட்டான். பப்பாளி இலைச் சாறுதான் காப்பாற்றியது என்கிறார் அக்கா, ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் ஏற்றிய டிரிப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. உருளியில் இப்போது அம்மா வெங்காயம் போட்டு வைத்திருக்கிறார்.