வலது கை

மார்ச் 4, 2025, செவ்வாய்

இரவு இரண்டு மணிக்கு அம்மாவைப் புரட்டிவிட்டேன். நாலு மணிக்கு மறுபடியும். இடையில் நடந்ததை இன்றைக்கு எழுத ஏலாது.

மார்ச் 5, சாம்பல் புதன்

லெந்து, தபசுகாலம், தொடங்கிவிட்டது. பின்னேர ஆராதனைக்குப் போகவில்லை. "நான் அம்மாவோட இருக்கன், நீ போயிட்டு வா புள்ள" என்று அடுத்த வீட்டு மாமி படலையில் நின்று கூப்பிட்டார். தலையிடி என்று சாட்டுச் சொன்னேன். நெற்றியில் சாம்பலோடு வந்து இந்த அறைக்குள் நடமாட எனக்குத் துணிவில்லை.

சரி, எழுதுகிறேன். கிள்ளினேன்.

அன்றிரவு மூன்றாவது தடவையாகப் படுக்கை நனைந்திருந்தது. பாம்பர்ஸின் ஒட்டை அவரே இடது கையால் இழுத்துப் பிரித்துவிடுகிறார். ரப்பர் சீற்றைத் துடைக்கக் குனிந்தபோது அதே கையால் என் கொண்டையைப் பிடித்தார். விடவில்லை. அந்த ஒரு கையில் இப்போது இரண்டு கையின் பலம். "விடுங்கம்மா" என்றேன், நாலைந்து தரம். பிறகு "விடு" என்றேன். அப்புறம் என் கை போனது. அம்மாவின் வலது கையின் உட்புறம், முழங்கைக்கு மேலே, தோல் தளர்ந்து தொங்குகிற இடம். பிடித்துத் திருகினேன். ஒரு மூச்சு விட்டு எடுக்கிற நேரம் இருக்கும்.

இப்போது அங்கே ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்குக் கறுப்பு.

மார்ச் 6

கறுப்பு ஊதாவாகி அகன்றுவிட்டது.

மாதர் சங்கத்திலிருந்து மூன்று அன்ரிமார் நெஸ்டமோல்ட் பைக்கற்றோடு வந்தார்கள். "சுகமா அக்கா?" என்றார்கள். அம்மா "சரி" என்றார். "எங்கள ஆரெண்டு தெரியுதா?" "சரி." பாரிசவாதம் வந்ததிலிருந்து அந்த ஒரு சொல்தான் மிச்சம். பசிக்கும் சரி, நோவுக்கும் சரி, என்னைத் திட்டவும் சரி.

ஜெபத்துக்குக் கை கோக்கும்போது ஒரு அன்ரி கண்டுவிட்டார். "ஐயோ, இது என்ன?"

"குளிசையால அன்ரி. இரத்தம் இளக்கிற குளிசை ரெண்டு குடுக்கிறம். லேசாத் தட்டுப்பட்டாலும் கண்டிப்போகும்."

பொய் இல்லை. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்ந்தால் அப்படித்தான் என்று கிளினிக்கிலேயே சொல்லித்தான் தந்தார்கள். குளிசை குடிக்காத ஒரு கையில் அதே கிள்ளல் ஒரு சிவப்புக் கோடாக இருந்து விடியுமுன் மறைந்திருக்கலாம். ஆகவே இந்த ஊதாவில் பாதி என்னுடையது, பாதி குளிசையுடையது. அன்ரிமார் ஜெபித்து முடிக்கும்வரை இந்தப் பங்குபிரிப்பைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஆமென் சொல்லப் பிந்திவிட்டது.

மார்ச் 7

ஏன் வலது கை?

மார்ச் 8, சனி

டிசெம்பரில் ஆஸ்பத்திரி வோட்டில் வைத்து டொக்டர் ஊசி நுனியால் தொட்டுப் பார்த்தார். இடது கையில் பட்டதும் அம்மா கையை இழுத்துக்கொண்டார். வலது கையில் இமைகூட அசையவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். அதாவது, எனக்குத் தெரியும்.

கொண்டையைப் பிடித்திருந்தது இடது கை. என் முகத்துக்குப் பக்கத்தில் இருந்ததும் அதுதான். கோபத்தில் நிலைதவறியவள் பிடித்திருக்கவேண்டியது அந்தக் கையை. நானோ அதைத் தாண்டி, அம்மாவின் நெஞ்சுக்கு மேலால் எட்டி, நோகாத கையைத் தெரிந்தெடுத்திருக்கிறேன். நோகக்கூடாது என்ற இரக்கமா, சத்தம் வராது என்ற கள்ளமா? எதுவானாலும் அங்கே ஒரு தெரிவு நடந்திருக்கிறது. 'என்னையறியாமல்' என்று சொல்ல எனக்கு வழியில்லை.

தெரிந்துகொள்ளுதல் என்பது வேதத்தில் தேவனுக்குரிய சொல். உலகத்தோற்றத்துக்கு முன்னே நம்மைத் தெரிந்துகொண்டார் என்று எபேசியரில் மனப்பாடம் பண்ணி ஓய்வுநாள் பாடசாலையில் பரிசு வாங்கியிருக்கிறேன். ஒரு பென்சில் பெட்டி.

நோகாவிட்டாலும் அம்மா பார்த்தார். முதலில் கையை, பிறகு என்னை.

மார்ச் 9, ஞாயிறு

மாமியை இருத்திவிட்டுச் சேர்ச்சுக்குப் போனேன். பிரசங்கம் வனாந்தரச் சோதனை. இயேசுவை அங்கே கொண்டுபோனது பிசாசு இல்லை, ஆவியானவர் என்று போதகர் ஐயா சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவரோ அதை அப்படியே விட்டுவிட்டு உபவாசத்தின் நன்மைகளுக்குப் போய்விட்டார். எப்போதும் இப்படித்தான்.

முடிந்தபிறகு வாசலில் கேட்டேன். "பாவம் செய்யிற அந்த நேரத்தில, செய்யாம விட எங்களால ஏலுமா ஐயா?"

"சுயமா ஏலாது. ஆனால் நாங்க தேடுமுன்னமே எங்களத் தேடி வாற கிருபை இருக்கு. முந்திவரும் கிருபை எண்டு எங்கட மெதடிஸ்த சபையத் தொடங்கின வெஸ்லி சொன்னது அதைத்தான். எல்லாருக்கும் குடுத்திருக்கு. அதால ஏலும்."

"அப்ப அந்த நேரம் கிருபை வந்து நின்றிருக்கு. நான்தான் தள்ளியிருக்கன்."

"என்ன நடந்த பிள்ளை?"

"சும்மா கேட்டன் ஐயா."

சின்னம்மாவின் மகன் மோட்டார்சைக்கிளில் ஏற்றிவந்தான். போனில் பிரசங்கம் கேட்டுக் கேட்டு அவன் இப்போது, எல்லாம் தேவன் முன்குறித்தபடிதான் என்கிற கல்வின் பக்கம். மனுசனின் சித்தம் அடிமை, 1525இல் லூத்தர் எராஸ்முஸுக்கு மறுமொழியாக எழுதியதும் அதுதானே என்று ஹெல்மெற்றுக்குள்ளிருந்து கத்திக்கொண்டே வந்தான். மட்டக்களப்புக் கோட்டை மதிலைக் கடந்தோம். ஒல்லாந்துச் சபையார் 1618இலும் 1619இலும் டோர்ட் நகரத்தில் கூடி, தேவனுடைய தெரிந்துகொள்ளுதல் மனுஷன் காட்டும் விசுவாசத்தைப் பார்த்து நடப்பதில்லை என்று தீர்மானம் எழுதினார்கள். இருபது வருடத்துக்குள், 1638இல், அவர்களுடைய நாட்டார் இந்தக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். 1814இல் மிஷனரி வில்லியம் ஓல்ட் வெஸ்லியின் உபதேசத்தோடு வந்து இறங்கி, பள்ளிக்கூடம் தொடங்கி, அடுத்த வருடமே செத்துப்போனார். இரண்டு உபதேசமும் இந்தச் சின்னப் புளியந்தீவுக்குள்ளேயே வந்து இறங்கியிருக்கிறது. இரண்டு பக்கத்திலும் இரவு இரண்டு மணிக்கு ரப்பர் சீற் துடைத்தவர்கள் யாராவது இருந்தார்களா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

"அப்ப நான் செய்யிற பாவமும் அவர்ட திட்டமா?" என்றேன்.

"திட்டத்துக்கு வெளியில ஒண்டுமில்ல அக்கா. ஆனால் குற்றம் உங்கடதான்."

"அதெப்படி?"

"யூதாஸப் பாருங்க. எழுதியிருக்கிறபடிதான் எல்லாம் நடந்த. ஆனாலும் அவனுக்கு ஐயோ."

கல்லடிப் பாலத்தில் காற்று. மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அவன் சொன்னது நியாயமாகப் படவில்லை, பொய்யாகவும் படவில்லை. போதகர் ஐயா சொன்னது நியாயமாகப் பட்டது. அதுதான் கூடச் சுட்டது.

மார்ச் 10

தங்கச்சி டிக்கெற் போட்டுவிட்டாள். 20ஆம் திகதி விடிய கட்டுநாயக்கா எயார்போட். கண்டல் மறைய இரண்டு கிழமை என்று போனில் பார்த்தேன். குளிசை குடிக்கிறவர்களுக்கு எவ்வளவு என்று அதில் இல்லை. நாள் எண்ணுகிறேன்.

மார்ச் 11

பார்வோனை விட முடியவில்லை. அம்மாவுக்குக் கஞ்சி பருக்கும்போதும் யாத்திராகமம் மடியில்.

மோசே எகிப்துக்குள் கால் வைக்குமுன்பே, நாலாம் அதிகாரத்தில், அவன் இருதயத்தை நான் கடினப்படுத்துவேன் என்று கர்த்தர் சொல்லிவிடுகிறார். எட்டாம் அதிகாரத்தில் தவளைகள் ஒழிந்ததும் பார்வோன் தன் இருதயத்தைத் தானே கடினப்படுத்துகிறான். ஒன்பதில், கொப்புளங்கள் வந்தபிறகு, கர்த்தர் கடினப்படுத்துகிறார். ஒரே இருதயம். எழுதினவருக்கு இதில் ஒரு சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை. பாதி இவன் பாதி அவர் என்று பிரிக்கவும் இல்லை. ஒரு இடத்தில் முழுக்க இவன், இன்னொரு இடத்தில் முழுக்க அவர்.

பவுல் ரோமரில் இதே பார்வோனை எடுத்துவைத்துக்கொண்டு, தேவனோடு தர்க்கம் பண்ண நீ யார் என்று வாயை அடைத்துவிடுகிறார். களிமண் குயவனிடம் கேள்வி கேட்கலாமா என்கிறார். கேட்காமல் என்ன செய்வது? களிமண் கிள்ளாது.

அம்மா கஞ்சியைத் துப்பினார். கோபம் வரவில்லை. வராதபோது யார் அதை வரவிடாமல் செய்தது என்று நான் கேட்பதே இல்லை. நல்லதென்றால் கணக்குப் பார்க்காமல் எனக்கே எழுதிக்கொள்கிறேன்.

மார்ச் 13, போயா

இன்றைக்கு நடந்ததை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

முழுநிலவு. கறண்ட் இல்லை, ஃபான் இல்லை. யன்னலைத் திறந்துவிட்டு, அம்மாவுக்கு விசிறிக்கொண்டே, வாய்க்குள் பரமண்டல ஜெபம் சொன்னேன். ஜெபிக்கவேண்டும் என்று இல்லை, நித்திரை வராமல் இருக்க. இரண்டாவது வரியில் அம்மாவின் குரல் சேர்ந்தது. "உம்முடைய ராஜ்யம் வருவதாக." தெளிவாக. மூன்று மாதத்துக்குப் பிறகு "சரி" இல்லாத ஒரு சொல். நான் நிறுத்தினேன். அவர் நிறுத்தவில்லை. எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும். எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல். ஆமென்வரை ஒரு எழுத்தும் பிசகவில்லை.

"அம்மா! அம்மா, என்னக் கூப்பிடுங்க."

"சரி" என்றார்.

பேச்சுப் பயிற்சிக்கு வருகிற பிள்ளை ஜனவரியிலேயே சொல்லியிருந்தாள். சிறுவயதிலிருந்து சொல்லிச் சொல்லிப் பழகினது, பாட்டு, ஒன்று இரண்டு எண்ணுவது, எல்லாம் பேச்சு போனபிறகும் தானாக வரலாம், சந்தோசப்படுங்க, ஆனால் பேச்சு திரும்பிவிட்டதென்று நினைக்காதீங்க என்று. அப்படியானால் அந்த 'மன்னிக்கிறதுபோல' யாருடையது? அம்மா சொன்னாரா, வாய் சொன்னதா?

சோதனைக்குட்படப்பண்ணாமல் என்று கேட்பதென்றால், உட்படப்பண்ணுகிறவர் அவர் என்றுதானே வருகிறது. ஆனால் யாக்கோபு, தேவன் ஒருவனையும் சோதிக்கிறவர் இல்லை என்று அடித்துச் சொல்லுகிறார். அம்பது வருடமாக இரண்டையும் சேர்த்து விழுங்கி வந்திருக்கிறேன்.

மார்ச் 14

பச்சை. ஓரத்தில் மஞ்சள். அம்மாவுக்கு நீளக்கைச் சட்டை இரண்டு வாங்கினேன், இந்த வெக்கைக்கு.

மார்ச் 16, ஞாயிறு

சேர்ச்சுக்குப் போகவில்லை. 'எல்லாம் தேவசித்தம்' என்று இன்றைக்கு யாராவது சொன்னால் வாய்விட்டுக் கத்திவிடுவேன் என்று பயம்.

2004 டிசெம்பர் 26 ஞாயிறு. 2019 ஏப்ரல் 21 ஞாயிறு. சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த அன்றைக்கு ஓய்வுநாள் பாடசாலை முடித்து வெளியே நின்ற பிள்ளைகள். அவர்களை அடக்கம்பண்ணின கிழமையும் தேவசித்தம் என்றவர்கள் இருந்தார்கள். சொன்னவர்களின் பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். இதை எழுதுவதும் பாவமா தெரியவில்லை. இருக்கட்டும்.

சுனாமிக்கு முன் எங்கள் வீடு நாவலடியில். அம்மா காலையிலேயே டவுனுக்கு ஆராதனைக்குப் போய்விட்டார். அப்பா தடிமன் என்று படுத்திருந்தார். பிறகு வந்தவர் போனவர் எல்லாரும் "கர்த்தர் உங்களக் காப்பாத்தியிருக்கார் அக்கா" என்பார்கள். அம்மா ஒருநாளும் அதற்கு ஆமென் சொன்னதில்லை. "நான் சேர்ச்சுக்குப் போனன். அவர் போகல்ல" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் சேர்த்ததில்லை. எனக்கு அது கல்நெஞ்சாகப் பட்டது அப்போது.

அந்தப் பேச்சு திரும்பி வந்தால் போதும், என்னை எப்படித் திட்டினாலும்.

மார்ச் 17

கை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அம்மாவுக்கு மூச்சு இழுபட்டபோது, இதோடு முடிந்தால் தங்கச்சி கையைப் பார்க்கமாட்டாள், சவப்பெட்டியில் நீளக்கைதானே போடுவோம் என்று நினைத்தேன். முழுசாக நினைத்து முடித்தேன். நடுவில் நிறுத்தியிருக்கலாம்.

இதற்குக் குளிசை இல்லை.

மார்ச் 18

அம்மாவிடம் சொன்னேன். கட்டிலருகே முழங்காலில் நிற்கவில்லை, அது நாடகமாகத் தெரிந்தது. கதிரையை இழுத்துப்போட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு, இடத்தைக் காட்டி, "இது நான் செய்தது. தெரிஞ்சுதான் செய்தன்" என்றேன். கொண்டையைப் பிடித்தீர்கள் என்று சொல்ல வாய் வந்தது, விட்டுவிட்டேன். "மன்னிப்பீங்களா?"

"சரி."

இன்னொரு தரம் கேட்டேன். "சரி." மூன்றாம் தரம், வேண்டுமென்றே, "கஞ்சி வேணுமா?" என்றேன். "சரி." அதே குரல், அதே இழுவை.

பிறகு பூச்சி ஒன்று யன்னலில் மோதிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்சநேரம் கழித்து இடது கை வந்து என் மணிக்கட்டில் கிடந்தது. பிடிக்கவில்லை, கிடந்தது.

மார்ச் 19

தங்கச்சி டோகாவிலிருந்து எடுத்தாள். "அக்கா நீங்க நித்திரையே கொள்றல்லயா, முகம் என்ன இப்படி? நான் வந்து பாக்கிறன், நீங்க ஒரு கிழமை படுங்க." அழுகை வந்தது. அவள் நல்லவள். அதனால்தான்.

மஞ்சள் மட்டும். வெளிச்சம் சரியாக விழாவிட்டால் தெரியாது. கண்ணில் படாது. கேட்கமாட்டாள். கேட்டாலும் குளிசை. அன்ரிமாருக்குச் சொன்னபிறகு அது பழகியும்விட்டது.

எனக்கு ஏலும் என்று வெஸ்லி சொல்கிறார். நாளைக்குத் தெரியும்.

மார்ச் 20, வியாழன்

காலையிலேயே அம்மாவைக் குளிப்பாட்டினேன். பவுடர் போட்டேன். நீளக்கை போட்டேன். வியர்த்தது, கழற்றினேன். கைகுறைந்தது போட்டேன். கழற்றிவிட்டு மறுபடியும் நீளக்கை. அம்மா பொறுமையாக இருந்தார், அல்லது வேறு வழியில்லாமல் இருந்தார்.

12.40 வெலிக்கந்தையில் தேத்தண்ணி குடிக்கிறார்களாம்.

1.30 ஓட்டமாவடி தாண்டிவிட்டார்களாம். சமைத்தது மூடி வைத்திருக்கிறேன். நீளக்கையைக் கழற்றி அலுமாரிக்கு மேல் எறிந்துவிட்டேன், எட்டாத இடத்தில். ஏணி குசினிக்குப் பின்னால் இருக்கிறது, அதுவும் எனக்குத் தெரியும்.

2.25 வான் சத்தம். மாமி படலையைத் திறக்கிறார்.